வைஸை இடப்பக்கம் நகர்த்தினோம்

டாண்டினோங் தெற்கு. தகரக் கூரை.
ஜனவரி, நாற்பத்தொரு டிகிரி.
மதியம் இரண்டரைக்குப் பழைய கண்ட்ரோலர்
வழக்கம்போல் மயங்கி விழுந்தது.

எண்பத்தாறாம் வருடத்து மில்லிங் மெஷின்.
பச்சை எழுத்துத் திரை.
ஞாபகத்தைக் காக்க மூன்று பேட்டரி.
கரண்ட் ஓடும்போதே அவற்றை மாற்றவேண்டும்,
நிறுத்திவிட்டு மாற்றினால்
தன் அச்சுகள் எத்தனை என்பதே அதற்கு மறந்துபோகும்.
ஒருவன் நிறுத்திவிட்டு மாற்றினானாம்.
அதற்குப் பிறகுதான் இன்னொருவன்
பெட்டிக் கதவின் உட்புறம் முழுக்கப்
பென்சிலால் எண்கள் எழுதிவைத்தான்.
ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி.
ஓரிடத்தில் மட்டும் எழுபது,
சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் கேள்விக்குறி.

"புதுசு வாங்கக் காசில்லை சுபோ,
மூளையை மட்டும் மாற்று" என்றார் ஸ்லாட்கோ,
பல்பை மாற்று என்பதுபோல.

பன்னிரண்டு நாள்.
முந்நூற்றுப் பதினாறு வயர்,
ஒவ்வொன்றின் கழுத்திலும் வெள்ளை டேப்பில் ஓர் எண்.
வரைபடம் ஜப்பானிய மொழியில்.
துவான் டார்ச் பிடித்தான்,
"இது எர்த்தா?" என்று மட்டும் கேட்டான்,
எல்லாவற்றுக்கும்.
நம்பர் ஒட்டாத மஞ்சள் வயர் ஒன்றை
கவனமில்லாமல் வெட்டிவிட்டேன்.

பதின்மூன்றாம் நாள் மெயினைப் போட்டோம்.
இடப்பக்கம் போ என்றேன்.
மேசை வலப்பக்கம் போனது,
போய்க்கொண்டே இருந்தது,
ஒன்றரை டன் இரும்புக்கு வெறி பிடித்த மாதிரி.
நான் யோசிக்கவில்லை, உள்ளங்கைதான் யோசித்தது:
சிவப்புப் பொத்தான்.
துவானின் கையிலிருந்த டார்ச் இன்னும்
பெட்டிக்குள்ளேயே வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது.
இரண்டு வயர் இடம் மாறியிருந்தன. அவ்வளவுதான்.

கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தை தெரிந்த சித்தர்கள்
ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.
பழைய உடம்புக்குள் நுழைந்ததும்
புது உயிர் முதலில் உணர்வது
முழங்கால் வலியை.

பழைய மூளை மோட்டாரைத்தான் கேட்டது.
"போய்ச் சேர்ந்துவிட்டேன்" என்று மோட்டார் சொன்னால்
நம்பியது.
இப்போது மேசையோரம் கண்ணாடி அளவுகோல் பூட்டியிருக்கிறேன்,
புதியது மேசையையே பார்க்கிறது.
பார்த்துவிட்டு, நட்ட நடுவில்
ஒவ்வொரு தடவையும்
அலாரம் அடித்து நிற்கிறது.

"பழையது இப்படி ஒருநாளும் நின்றதில்லையே"
என்றார் ஸ்லாட்கோ, என்னைப் பார்த்து.
ஓம். நின்றதில்லை.

டயல் இண்டிகேட்டரை வைத்தேன்.
இரண்டு ஓரத்திலும் முள் ஒரு கோடு அசைந்தது.
நடுவில் ஏழு கோடு.
வைஸை நடுவில் போடுவதுதானே எல்லாருக்கும் வழக்கம்,
வந்தவன் போனவன் எல்லாரும்
அந்த ஒரு சாணில்தான் திருகாணியைத் தேய்த்திருக்கிறார்கள்.
ஒரு கோடு பத்து மைக்ரான்.
ஏழு கோடு.
கதவைத் திறந்தேன்.
வட்டத்துக்குள் எழுபது.
அவனுக்குத் தெரிந்திருக்கிறது.
யாரிடமும் சொன்னானா, சொல்லி யாரும் கேட்கவில்லையா,
பென்சில் அதைச் சொல்லவில்லை.

எழுபதைப் புது மூளைக்குள் போட்டால்
நடு சரியாகும், ஓரங்கள் கெடும்.
புதுத் திருகாணி ஒன்பதாயிரம் டாலர்.
ஸ்லாட்கோ விலைத்தாளைப் படித்தார்,
மடித்தார், அதாலேயே விசிறிக்கொண்டார்.

வைஸை இடப்பக்கம் நகர்த்தினோம்,
இருநூற்று இருபது மில்லிமீட்டர்.
நான்கு போல்ட், பத்து நிமிடம்.
அலாரம் இல்லை.
ஒரு வாரம் துவானின் கை
வெறும் நடுமேசைக்கே போய்ப்போய்த் திரும்பியது.

சனிக்கிழமை, எல்லாரும் போனபிறகு,
கதவின் உட்புறம் கீழ் மூலையில்
இடம் தேடி எழுதினேன்.
பேனா அந்தப் பெயின்ட்டில் வழுக்கியது, அதனால் பென்சில்:

வைஸ் நடுவில் போடாதீர்கள். எழுபது சரிதான்.
மஞ்சள் வயர் ஒன்று வெட்டினேன்.
எதற்கென்று தெரியாது. எல்லாம் ஓடுகிறது.
— சு.